அரை சதவீதம்

தொழிற்சாலைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் உற்பத்தி கூடுமா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கருத்தரங்கில் கேட்கிறார்கள், முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் கேட்கிறார்கள், கல்லூரிப் பிராஜெக்ட்டில் கேட்கிறார்கள். கூடும். அதில் சந்தேகம் வேண்டாம். கூடிய உற்பத்தியில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அரை சதவீதம்.

இது நான் கோபத்தில் அடித்துவிடும் எண் இல்லை. அமெரிக்காவின் கேப் நிறுவனம் தனக்கு ஆடை தைத்துத் தரும் ஆலைகளின் பெண்களுக்காக 2007இல் ‘பேஸ்’ என்றொரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. கூச்சமில்லாமல் பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலை அலசி முடிவெடுப்பது, வீட்டு வரவு செலவு, உடல்நலம் என்று சுமார் 80 மணி நேரப் பாடம். பெங்களூரில் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் ஐந்து ஆலைகளில் இது நடந்தபோது அச்யுத அத்வார்யு, நம்ரதா காலா, அனந்த் நைஷதம் என்ற மூன்று பொருளியலாளர்கள் அதன் விளைவை அளந்தார்கள். விரும்பிப் பெயர் கொடுத்த பெண்களில் குலுக்கல் போட்டு ஒரு பகுதியினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல மெஷினில் உட்கார்ந்தார்கள். பிறகு இரண்டு தரப்பையும் ஒப்பிட்டார்கள். 2023இல் பெயர்பெற்ற பொருளியல் இதழ் ஒன்றில் அந்த ஆய்வு வெளிவந்தது.

முடிவு இதுதான். பயிற்சி முடித்த பெண்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் அதிகம். பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில், செலவெல்லாம் போக, நிறுவனத்துக்குக் கிடைத்த ஆதாயம் 256 சதவீதம். அந்தப் பெண்களின் சம்பளம் கூடியது 0.5 சதவீதம்.

நாம் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு ஆயிரம் பீஸ் அடித்துக்கொண்டிருந்த பெண் இப்போது 1135 பீஸ் அடிக்கிறாள். மாதம் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால் இப்போது 10,050 ரூபாய் வாங்குகிறாள். ஐம்பது ரூபாய். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப் போகும்போது பூவும் டீயும் வாங்கினால் தீர்ந்துவிடும். பயிற்சி முடிந்த அன்று கையில் கொடுத்த சான்றிதழை ஃபிரேம் போடக்கூடக் காணாது.

சொல்லித் தரப்பட்ட பாடத்தில் தையல் நுட்பம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேசப் பழகியதால் எப்படி உற்பத்தி கூடும் என்று மெஷினில் உட்காராதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உட்கார்ந்தவர்களுக்கு இருக்காது. நான் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். பிசிர் வெட்டுவதில் ஆரம்பித்து, கைமடித்து, பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு பெண்ணின் வேலையை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

ஒரு பீஸில் ஒரு தையலுக்கு அரை நிமிடம் என்று இன்ஜினியர் ஸ்டாப் வாட்ச் வைத்து முடிவு செய்வார். அப்படியானால் மணிக்கு 120 பீஸ் அடித்தால் நூறு சதவீதம். 72 அடித்தால் அறுபது சதவீதம். லைனுக்கு முன்னால் ஒரு போர்டு இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் அதில் எண் ஏறும். எண் குறைந்தால் சூப்பர்வைசர் உன் தலைக்குப் பின்னால் வந்து நிற்பார். அந்த 48 பீஸ் எங்கே போனது? நூல் அறுந்ததில் போயிருக்கும். முந்தின மெஷினிலிருந்து பண்டில் வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் போயிருக்கும். கட்டிங் கோணலாக வந்து, அதைச் சரிப்படுத்தித் தைத்ததில் போயிருக்கும். கத்தி மழுங்கி, மெக்கானிக் அண்ணன் வரும்வரை காத்திருந்ததில் போயிருக்கும். போர்டில் எழுதுவது மட்டும் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக.

இதில் முக்கால்வாசியை ஒரு வாய்ச் சொல் தீர்க்கும். “கட்டிங் தப்பா வருது, பண்டிலைத் திருப்பி அனுப்புங்க” என்று சொல்லத் தெரிந்தால் போதும். “மெஷின் சத்தம் மாறுது, இப்பவே பாருங்கண்ணா” என்று கூப்பிடத் துணிந்தால் போதும். நம் பெண்களுக்கு அதுதான் வராது. வராமல் பார்த்துக்கொண்டது வீடும் பள்ளிக்கூடமும் அதே கம்பெனியும்தான். எதிர்த்துப் பேசாத பெண்ணாகப் பார்த்து வேலைக்கு எடுக்கிறார்கள். எடுத்த பிறகு, எடுத்துச் சொல்லத் தெரியவில்லை என்று பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பேச்சு நூலையும் கத்தியையும் பற்றியதாக இருக்கும்வரைதான் அதற்குப் பெயர் தகவல் தொடர்புத் திறன். சம்பளத்தைப் பற்றித் திரும்பினால் அதற்குப் பெயர் திமிர்.

உற்பத்தி இவ்வளவு கூடியும் சம்பளம் ஏன் கூடவில்லை? முதலாளி மனம் வைக்கவில்லை என்று சொல்லி விட்டுவிடுவது சுலபம். அந்த ஆய்வாளர்களே வேறு விளக்கம் தருகிறார்கள். உழைப்புச் சந்தையில் உள்ள தடைகள், அதாவது ஒரு பெண் நினைத்த இடத்துக்கு வேலை மாறிப் போக முடியாத நிலை, உற்பத்திக்கும் சம்பளத்துக்கும் நடுவே ஆப்பு வைத்திருக்கிறது என்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் கூட்டமாக வேலையை விட்டுப் போகவில்லை. போக மாட்டாள் என்று தெரிந்தால் எதற்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும்?

அந்தத் தடைகளுக்கு நம் மொழியில் பெயர்கள் உண்டு. கம்பெனி பஸ் வரும் வழியில் இருக்கும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்ற அப்பா. எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற மாமியார். பாலூட்டும் பிள்ளை. வெளியே போக வார்டன் கையெழுத்துப் போட வேண்டிய விடுதி. வேலை மாறினால் முதல் கேள்வியாக “அங்க என்னம்மா பிரச்சினை?” என்று ஒழுக்கத்தை மோப்பம் பிடிக்கும் மேனேஜர். ஆண் டெய்லர் ஒருவர் காலையில் சண்டை போட்டால் மத்தியானம் அடுத்த கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார். பீஸ் ரேட் பேசிவிட்டுத்தான் உட்காருவார். பொருளியல் புத்தகத்தில் சந்தைத் தடை என்று எழுதியிருப்பதை வீட்டில் குடும்ப மானம் என்று சொல்கிறோம். முதலாளியின் 256 சதவீதத்துக்கு நம் வீட்டு ஆண்கள் காவல் நிற்கிறார்கள். அதற்குக் கூலிகூட வாங்குவதில்லை.

இது பயிற்சி நிஜமாகவே நடந்த இடத்தின் கதை. தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் பயிற்சி என்ற சொல்லே வேறு வேலை பார்த்தது.

கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கேம்ப் கூலி என்று சொல்வோம். தென் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் தலித், மிகப் பின்தங்கிய குடும்பங்களிலிருந்து வயதுக்கு வந்த பெண்களை ஏஜென்ட் அழைத்து வருவார். ஆலைக்குள்ளேயே விடுதி. மூன்று வருட ஒப்பந்தம். முடிவில் திருமணத்துக்கு என்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை கிடைக்காது என்பதும் பேச்சில் அடக்கம். அது அவள் சம்பளத்திலிருந்து பிடித்துவைத்த காசு என்பதை மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆலைப் பதிவேட்டில் என்ன பெயர்? தொழிலாளி இல்லை, தொழில் பழகுநர். மூன்று வருடமும் பழகுநர். ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கும் வேலையைச் சில மாதங்களில் கற்றுக்கொள்வாள். அறுந்த நூலை ஓடி ஓடிப் பிணைப்பாள். இரவு ஷிப்ட்டும் பார்ப்பாள், ஓவர்டைமும் பார்ப்பாள். பக்கத்து மெஷினில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியின் அதே வேலையை அதே வேகத்தில் பார்ப்பாள். ஆனாலும் அவள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாளாம்.

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர்கள் பயிற்சி பெறுபவர்களே, தொழிலாளர்கள் அல்லர் என்று சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பழகுநர்களுக்குத் தனி விகிதம் வைக்க இடம் கொடுத்தது. முறையான பாடம், முறையான பதிவு, முடிவில் தேர்வு என்று ஒரு இளைஞன் தொழில் கற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆலைகள் அதிலிருந்து பாடத்தையும் தேர்வையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. வரதட்சணைத் தடைச் சட்டமும் அதே 1961இல் வந்ததுதான். ஒரு சட்டம் வரதட்சணையைக் குற்றம் என்றது. இன்னொன்றிலிருந்து எடுத்த ஒரு சொல்லை வைத்து, வரதட்சணைக்குச் சேர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்து பெண்களை ஆலைக்குள் அடைத்தார்கள்.

2011இல் ஐரோப்பிய அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு, பெரிய பிராண்டுகள் பதறின. பெயர்ப் பலகை மாறியது. பழகுநர் என்ற சொல் போகவில்லை. எனக்குத் தெரிந்த பெண்கள் இன்றைக்கும் ‘ட்ரெய்னி’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டாவது வருடம் ஓட்டுகிறார்கள். நானே மாட்டியிருக்கிறேன். ஒரு கம்பெனியில் ஒரு வருடம் முடியும் சமயம் கணக்கு முடித்து, ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி, மறுபடி ட்ரெய்னியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே லைன், அதே மெஷின், அதே நாற்காலி. அந்த ஒரு வாரத்தில் கை மறந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ.

இந்த ஏமாற்று எப்படி இத்தனை சுலபமாக நடக்கிறது? பெண்ணுக்குத் தொழில் தெரியும் என்று ஒத்துக்கொள்ளும் பழக்கமே நமக்கு இல்லை. 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்ணியம் படிக்கிற மாணவிகள் அதை அவசியம் தேடிப் படிக்க வேண்டும். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களின் விரல் இயல்பாகவே லாகவமானது என்று சொல்லி அவர்களை எடுக்கின்றன. அந்த லாகவம் பிறவியில் வந்ததில்லை, சின்ன வயதிலிருந்து அம்மாக்களிடமும் வீட்டுப் பெண்களிடமும் பெற்ற பயிற்சி அது என்பது அவர்கள் வாதம். வீட்டில் நடந்ததால் அந்தப் பயிற்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததால் திறமைக் கணக்கில் வருவதில்லை. திறமைக் கணக்கில் வராததால் கூலி குறைவு.

நம் ஊரில் பொருத்திப் பாருங்கள். ஆறு வயதில் பூத் தொடுக்கிறாள். எட்டு வயதில் கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடுகிறாள். பத்து வயதில் கோலப் புள்ளியை எண்ணி வைக்கிறாள். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் படிப்பு இது. கம்பெனி அதைச் சல்லிக் காசு செலவில்லாமல் எடுத்துக்கொண்டு ‘அன்ஸ்கில்டு’ என்று பதிவு செய்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையனின் ஸ்பேனருக்குச் சான்றிதழ் இருக்கிறது. எங்கள் விரலுக்கு இல்லை.

கம்பெனிக்குள்ளும் இதே கதைதான். எனக்கு ஓவர்லாக் பழக்கியது கம்பெனி இல்லை. பக்கத்து மெஷின் அக்கா. “ஊசியப் பாக்காத கண்ணு, துணி உள்ள போற எடத்தப் பாரு, கை தானாப் போகும்” என்றார். ஒரே வாக்கியம். அதில் என் வேகம் கூடியது. எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நேரத்தில் அவருடைய பீஸ் குறைந்து, அவர் திட்டு வாங்கினார். பிறகு நானும் என் பங்குக்குப் பத்துப் பதினைந்து பெண்களைப் பழக்கிவிட்டேன். தமிழ் தெரியாத ஒடிசாப் பெண்ணுக்குக் கையைப் பிடித்து நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியின் பயிற்சிச் செலவுக் கணக்கிலும் அந்த அக்காவோ நானோ கிடையாது. வெளியூரிலிருந்து புரொஜெக்டருடன் வந்து இரண்டு மணி நேரம் பேசிப் போகிறவருக்கு மதிப்பூதியம் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு.

அடுத்தது, எந்தப் பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்ற விஷயம். பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொறுமை, சுத்தம், நேரம் தவறாமை, சிக்கனம். மெஷின் பழுது பார்க்க, பேட்டர்ன் வெட்ட, லைனை நடத்த, கணக்குப் போட ஆண்களைத் தேடுகிறார்கள். முதல் வகைப் பயிற்சியால் அதே நாற்காலியில் இன்னும் வேகமாக உட்காரலாம். இரண்டாம் வகையால்தான் நாற்காலி மாறும்.

பெண் சூப்பர்வைசர் வைத்தால் லைன் ஓடாது என்று சொல்வார்கள். வங்கதேசத்தில் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஆடை ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், சூப்பர்வைசர்களில் இருபதில் ஒருவர்தான் பெண். மெஷினில் இருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்து மேற்பார்வைப் பயிற்சி கொடுத்து லைனில் விட்டபோது, ஆரம்பத்தில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். கீழே வேலை செய்தவர்களே அவர்களை நம்பவில்லை. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்த நான்கு மாதம் பொறுத்துக்கொள்ள நம் முதலாளிகளுக்கு மனமில்லை. மூன்று வருடம் பழகுநராக வைத்திருக்கும் பொறுமை மட்டும் இருக்கிறது.

யாருக்குப் பயிற்சி என்று முடிவெடுப்பவர் யார் என்பதும் முக்கியம். மேலே சொன்ன பொருளியலாளர்களில் இருவர் பங்கெடுத்த இன்னொரு இந்திய ஆய்வில், எந்தச் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தரலாம் என்று மேலே உள்ள மேனேஜர்களிடமே பட்டியல் கேட்டார்கள். மேனேஜர்கள் உச்சியில் வைத்துப் பரிந்துரைத்தவர்களின் உற்பத்தி பயிற்சிக்குப் பிறகும் கூடவில்லை. பட்டியலின் அடியில் இருந்தவர்களுக்கு 12 சதவீதம் கூடியது. சூப்பர்வைசர் விட்டுப் போனால் தங்களுக்குத்தான் தலைவலி என்று மேனேஜர்கள் நினைத்திருக்கிறார்கள், யாருக்குப் பயன்படும் என்று பார்க்கவில்லை. இதை என் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கிறேன். மேலே இருப்பவரின் வசதிக்கு ஆள் பொறுக்கும் இடத்தில் ஒரு தலித் பெண்ணின் பெயர், கைக்குழந்தைக்காரியின் பெயர், வாய் பேசுகிறவள் என்று முத்திரை விழுந்தவளின் பெயர் பட்டியலில் எத்தனையாவது வரியில் வரும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பயிற்சியையும் சொல்லாமல் விட முடியாது. 1997இல் வந்த விசாகா தீர்ப்பின் வழியில் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது முதலாளியின் கடமை. நடத்துகிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் உட்காரவைத்து, ஆடை ஒழுங்காக உடுத்த வேண்டும், தனியாகப் போகக் கூடாது, கெட்ட தொடுதல் என்றால் என்ன என்று மெஷின் பெண்களுக்குச் சொல்வார்கள். கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுப்பார்கள். அடுத்த ஆடிட்டுக்கு அந்தப் போட்டோ போதும். கைவைக்கிறவர் அந்த அரை மணி நேரம் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அந்தப் பெண் அங்கிருந்த தொழிற்சங்கத்தின் உறுப்பினர். பெண்கள் தலைமையில் நடக்கும் அந்தச் சங்கம், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், வெளிநாட்டு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அந்த ஒப்பந்தத்திலும் பயிற்சி உண்டு. ஆனால் ஏற்பாடு வேறு. தொழிலாளிப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்குப் பயிற்சி கிடைக்கும். லைனில் நடக்கும் வசவையும் தொடுதலையும் சாதிப் பேச்சையும் அவர்கள் பார்த்துப் பதிவு செய்து, நிர்வாகத்திடம் எடுத்துப் பேசலாம். சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் பயிற்சி உண்டு. பயிற்சி பெற்றவள் வாய் திறந்ததற்காகப் பழிவாங்கப்பட்டால், ஆர்டரை நிறுத்தும் பொறுப்பு பிராண்டுக்கு இருக்கிறது. ‘கூச்சமில்லாமல் பேசுங்கள்’ என்று 80 மணி நேரம் பாடம் எடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இங்கே பேச்சுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்கிறது.

“பிராண்டுக்காரன் விலையைக் குறைக்கிறான், நாங்கள் எங்கே கூட்டிக் கொடுப்பது?” என்று முதலாளிகள் சொல்வார்கள். பிராண்டுகள் விலையை நெரிப்பது உண்மைதான், அதை எதிர்த்து நாமும் அவர்களோடு சேர்ந்து கத்தலாம். ஆனால் இங்கே பேச்சு ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஆதாயத்தைப் பற்றியது. அவள் கூட்டிக் கொடுத்ததிலிருந்து பங்கு கேட்பதற்குப் பிராண்டின் விலைப் பட்டியல் குறுக்கே வராது.

“அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறாயா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பயிற்சிக்குப் போய்வந்த பெண்களை எனக்குத் தெரியும். வங்கிக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள். கணவனிடம் “நான் யோசிச்சுச் சொல்றேன்” என்று முதல் தடவையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கற்றுக்கொள்வது எங்கள் உரிமை என்பதால்தான் இத்தனை கோபம் வருகிறது. கற்றது எங்களுடையது, அதன் விளைச்சல் மட்டும் அடுத்தவருடையது என்பதை ஏற்க முடியாது என்பதே என் வாதம்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஒரு வேலையைத் தனியாகச் செய்யத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பழகுநர் என்ற பெயர் இருக்கக் கூடாது. எத்தனை மெஷின், எத்தனை தையல் தெரியும் என்பதை எழுதி, கையெழுத்திட்டு அவளிடமே தர வேண்டும். கம்பெனி மாறினாலும் அந்தத் தாள் செல்ல வேண்டும். பயிற்சி வேலை நேரத்துக்குள், முழுச் சம்பளத்தோடு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடக் கூடாது. புதுப் பெண்ணைப் பழக்கும் அக்காவுக்கு அந்த நேரத்தின் டார்கெட்டைக் கழித்து, மேற்கொண்டு படி கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு லைனின் உற்பத்தி எவ்வளவு கூடியது என்ற கணக்கைத் தொழிலாளர்கள் முன்னால் வைத்து, பங்கை அதில் பேசி முடிக்க வேண்டும். சூப்பர்வைசர், மெக்கானிக் பயிற்சிக்கு யார் போவது என்பதை மேனேஜர் மட்டும் முடிவு செய்யக் கூடாது.

மேலாண்மையும் சமூகப்பணியும் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ‘பயிற்சியும் மேம்பாடும் பணியாளர் செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கம்’ என்ற தலைப்பில் வருடா வருடம் உங்களில் பலர் பிராஜெக்ட் செய்கிறீர்கள். எங்கள் கம்பெனிக்கும் வருவார்கள். பயிற்சி திருப்தியாக இருந்ததா என்று கேட்டு ஐந்து கட்டம் போட்ட தாளைக் கொடுப்பார்கள். எச்.ஆர். மேடம் பக்கத்தில் நிற்க, நாங்கள் ‘மிகவும் திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுப்போம். அந்தத் தாளை வைத்து நீங்கள் மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள், கம்பெனி அதை ஆடிட்டில் காட்டிவிடும். இனி அந்தத் தாளில் கேள்விகள் சிலவற்றைச் சேருங்கள். பயிற்சிக்கு முந்தைய மாதச் சம்பளம் எவ்வளவு, ஒரு வருடம் கழித்து எவ்வளவு? உங்கள் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது, எத்தனை மாதமாக? உங்களுக்கு இந்த வேலையை முதலில் பழக்கியது யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள்? கேள்வியை பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேளுங்கள், விடுதி வாசலில் கேளுங்கள், எச்.ஆர். இல்லாத இடத்தில் கேளுங்கள்.

படித்து முடித்து நீங்களே நாளை எச்.ஆர். நாற்காலியில் உட்காரலாம். ட்ரெய்னி அட்டையில் உங்கள் கையெழுத்து விழலாம். அப்போது அந்தப் பெண் எத்தனை மாதமாக அந்த மெஷினில் இருக்கிறாள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.